விடைத்தாளைத் திருத்தும் விஞ்ஞானம்

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். வினாத்தாள் எப்படி இருக்குமோ என்ற கவலை பாதி. விடைத்தாளை யார் திருத்துவாரோ, எப்படித் திருத்துவாரோ என்ற கவலை மீதி. நம் தாய்மார்கள் காலத்தில் அந்த 'யார்' என்பவர் எங்கோ ஓர் ஊரில் சிவப்பு மைப் பேனாவுடன் அமர்ந்திருந்த ஓர் ஆசிரியர். இன்று பள்ளிப் படிப்பை முடித்து வெளியே அடியெடுத்து வைக்கும் மாணவி சந்திக்கும் பெரிய தேர்வுகள் பலவற்றில் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பது ஓர் இயந்திரம். அது நம் கையெழுத்தைப் படிப்பதில்லை. நம் மொழிநடையை ரசிப்பதில்லை. சிறு வட்டம் ஒன்று கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. ஒளியின் உதவியால் குறிகளை அறியும் இந்த முறைக்கு ஓ.எம்.ஆர். என்று பெயர்.

இந்த இயந்திரம் எப்படிப் பிறந்தது? அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை? அதைச் செய்து விற்ற நிறுவனங்கள் யாவை? அது எங்கே தவறும்? இவற்றை அறிந்திருப்பது தேர்வெழுதும் மாணவிக்கு மட்டுமன்றி, அவளை அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும் பயன் தரும் என்ற எண்ணத்துடன் இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

தேவையே தாய்

ஒரு வினாவுக்கு நான்கு விடைகளைக் கொடுத்து, அவற்றுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடையது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் 1910களில் வாசிப்புத் திறன் தேர்வு ஒன்றில் இதனைக் கையாண்டார். ஒரே விடைத்தாளுக்கு ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விதமாக மதிப்பெண் போடும் நிலையை மாற்றுவதே நோக்கம்.

முதல் உலகப் போரின்போது, 1917, 1918ஆம் ஆண்டுகளில், அமெரிக்கப் படையில் சேர்ந்த சுமார் 17 லட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வுகள் நடத்தப்பட்டன. இத்தனை தாள்களையும் திருத்தியவை மனிதக் கைகளே. சரியான விடை இருக்கும் இடங்களில் மட்டும் துளையிட்ட அட்டையைத் தாளின்மேல் வைத்து, துளை வழியே தெரியும் குறிகளை எண்ணுவார்கள். இம்முறையை இன்றும் எங்கேனும் ஒரு வகுப்பாசிரியர் பயன்படுத்தக்கூடும். நாற்பது தாள்களுக்கு அது நல்ல முறைதான். நாற்பதாயிரம் தாள்கள் வந்தால் கண்ணும் சோரும், கையும் சோரும். சோர்ந்த கண் தவறிழைக்கும். அந்தத் தவறு யாரோ ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணில் போய் விழும்.

பென்சில் கோட்டில் ஓடிய மின்சாரம்

இந்தச் சுமையை இறக்கிவைக்க வழி கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியரே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவர் பெயர் ரெனால்டு ஜான்சன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன்வுட் என்னும் ஊரில் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தார். சிறு வயதில் அவர் செய்த குறும்பு ஒன்று உண்டு. வீட்டுக்கு வருவோரின் மோட்டார் வண்டியில் ஸ்பார்க் பிளக்கின் வெளிப்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறிவிடுவார். தீப்பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே நழுவிவிடும், வண்டி கிளம்பாது! பென்சிலில் உள்ள கிராஃபைட் கரியின் ஒரு வடிவம். அது மின்சாரத்தைக் கடத்தும். குறும்பில் கற்ற அந்தப் பாடம் பின்னாளில் விஞ்ஞானமாயிற்று.

1930களின் தொடக்கத்தில் ஜான்சன் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். விடைத்தாளில் பென்சில் குறி இருக்குமிடத்தில் மின்சாரம் பாயும். இல்லாத இடத்தில் பாயாது. ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு மாணவர் அழுத்திக் கோடு போடுவார். இன்னொருவர் மெல்லப் போடுவார். அழுத்தமான கோட்டில் அதிக மின்சாரமும் மெல்லிய கோட்டில் குறைந்த மின்சாரமும் பாய்ந்தால் மதிப்பெண் என்னாவது? ஜான்சன் ஒவ்வொரு குறிக்கும் உரிய மின்சுற்றில் மிகப் பெரிய மின்தடை ஒன்றைச் சேர்த்தார். அப்பெரிய தடையின் முன்னால் கோட்டுக்குக் கோடு உள்ள வேறுபாடு, ஆயிரம் ரூபாய்க் கணக்கில் ஐந்து காசு போல அற்பமாகிவிட்டது. சரியான விடைகளின் வழியே பாயும் மின்சாரம் அனைத்தையும் ஒன்றுகூட்டி ஒரு மின்மானிக்கு அனுப்பினால், அதன் முள் காட்டும் எண்ணே மதிப்பெண். எவ்வளவு எளிய, அழகிய யோசனை!

ஐ.பி.எம். நிறுவனம் 1934-இல் அவரை வேலைக்கு அமர்த்தியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தேர்வு முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் பெஞ்சமின் உட் அவருடைய யோசனையை ஆதரித்தார். 1938-இல் 'ஐ.பி.எம். 805' என்ற பெயரில் அந்த இயந்திரம் விற்பனைக்கு வந்தது. பழகிய பணியாளர் ஒருவர் அதில் மணிக்குச் சுமார் 800 தாள்களைத் திருத்திக் குறித்துக்கொள்ள முடிந்தது. 1963 வரை அது புழக்கத்தில் விற்கப்பட்டது. ஜான்சனோ அத்துடன் நிற்கவில்லை. கணிப்பொறியில் செய்திகளைச் சேமிக்கும் முதல் வட்டுக் கருவி 1956-இல் வெளிவந்தது அவருடைய தலைமையில்தான்.

நம் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். வெள்ளைத் தாளில் 6பி பென்சிலால் ஓர் அங்குல நீளத்துக்கு நன்கு அகலமாக, பளபளக்கும்வரை தீட்டுங்கள். ஒன்பது வோல்ட் மின்கலம், ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு, சில கம்பிகள் போதும். தீட்டிய பட்டையின் ஒரு முனையில் மின்கலத்தின் நேர்முனைக் கம்பியையும், மறுமுனையில் விளக்கின் நீண்ட காலையும் தொட வையுங்கள். விளக்கின் குட்டைக் காலை மின்கலத்தின் எதிர்முனையுடன் சேருங்கள். விளக்கு மங்கலாக ஒளிரும். கம்பிகளை நெருக்கினால் ஒளி கூடும், விலக்கினால் குறையும். சுவரில் உள்ள வீட்டு மின்சாரத்தை மட்டும் இதற்குத் தொடவே கூடாது.

ஒளி வந்தது

மின்சாரம் பாய வேண்டுமானால் இயந்திரத்தின் உலோக முனைகள் தாளைத் தொட வேண்டும். தாளைத் தொடாமலே குறியை அறிய முடிந்தால் வேகம் பன்மடங்காகும். இந்த அடுத்த படியைக் கடந்தவரும் ஒரு கல்வியாளரே. அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட், தம் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வுகளை நடத்தி வந்தார். ஆண்டுதோறும் குவிந்த தாள்களைச் சமாளிக்க, ஒளியால் படிக்கும் இயந்திரத்தை 1950களில் உருவாக்கினார். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1962-இல் அது வழங்கப்பட்டது.

ஒளி வழிப் படிப்பு தேர்வுக்கூடத்துடன் நிற்கவில்லை. 1960ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடுவீடாக நிரப்பப்பட்ட படிவங்களைச் சிறு படச்சுருளில் பதித்து, அதிலிருந்த கறுத்த வட்டங்களை 'ஃபாஸ்டிக்' என்னும் ஒளிப்பொறி படித்தது. 1962-இல் ஐ.பி.எம். நிறுவனமும் மின்சார முறையை விட்டு, '1230' என்ற ஒளிமுறை இயந்திரத்தை வெளியிட்டது.

இயந்திரம் எதைப் பார்க்கிறது?

ஓ.எம்.ஆர். தாளை உற்றுநோக்கியவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். தாளின் ஓரத்தில் சிறு சிறு கறுப்புக் கோடுகள் வரிசையாக இருக்கும். அவை அலங்காரத்துக்கு அல்ல. தாள் இயந்திரத்துக்குள் ஓடும்போது அக்கோடுகள் ஒவ்வொன்றும் "இப்பொழுது பார்" என்று கட்டளையிடுகின்றன. பாட்டுக்குத் தாளம் போல, படிப்பதற்கு அக்கோடுகள். ஒரு கோட்டின்மேல் நாம் கிறுக்கிவிட்டாலோ, தாளின் ஓரம் கிழிந்தாலோ தாளம் தப்பும். அந்த வரி முழுவதும் தப்பும்.

கட்டளை கிடைத்ததும் இயந்திரம் அந்த வரியின்மேல் ஒளியைப் பாய்ச்சுகிறது. வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுத்த வட்டம் அதை விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியின் அளவை உணரும் சிறு கருவிகள் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண்ணைத் தருகின்றன. பல இயந்திரங்கள் கருமையைப் பதினாறு படிகளாக அளக்கும். எத்தனையாவது படிக்குமேல் கறுத்தால் அது விடை, அதற்குக் கீழே என்றால் வெறும் கறை என்ற எல்லைக்கோட்டை வகுப்பது இயந்திரம் அல்ல. அதை இயக்கும் மனிதர்கள். ஒரே வினாவில் இரண்டு வட்டங்கள் ஏறத்தாழ ஒரே அளவு கறுத்திருந்தால், "இருவிடை" என்று ஒதுக்கச் சொல்வதும் அவர்களே.

வட்டங்கள் ஏன் பெரும்பாலும் இளஞ்சிவப்பு போன்ற வண்ணத்தில் அச்சிடப்படுகின்றன? இயந்திரம் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், சிவப்பு மையில் அச்சிட்டது அதன் கண்ணுக்கு வெள்ளையாகவே தோன்றும். நம் கண் வட்டத்தைக் காணும். இயந்திரத்தின் கண் நாம் இட்ட குறியை மட்டும் காணும்.

எச்.பி. பென்சிலால்தான் தீட்ட வேண்டும் என்று முன்பெல்லாம் கண்டிப்பாகச் சொன்னார்களே, அதற்கும் காரணம் உண்டு. அந்நாளைய இயந்திரங்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தின. கரி அந்த ஒளியை விழுங்கும். சாயத்தால் ஆன பேனா மைகள் பலவும் விழுங்குவதில்லை. நீல மையால் அழகாக நிரப்பிய தாள் அந்த இயந்திரத்துக்கு வெற்றுத் தாள்! பின்னர் கண்ணுக்குத் தெரியும் ஒளியால் படிக்கும் கருவிகள் வந்தன. பேனாவுக்கும் இடம் கிடைத்தது. நம் நாட்டில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவை வற்புறுத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பென்சில் குறியை அழிக்கலாம். பேனாக் குறியை எளிதில் அழிக்க இயலாது.

செய்தவர்களும் விற்றவர்களும்

இயந்திரம் பிறந்ததும் அதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. லிண்ட்குவிஸ்டு தொடங்கிய அயோவா அளவீட்டு ஆய்வு மையத்தை 1968-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கல்விப் பிரிவு வாங்கியது. பின்னர் 1983-இல் அது நேஷனல் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. என்.சி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்நிறுவனம் 1962-இல் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. பெரிய தேர்வு அமைப்புகளுக்கு வேண்டிய அதிவேக இயந்திரங்களையும் படிவங்களையும் செய்தது. 2000-இல் பிரிட்டனின் பியர்சன் நிறுவனம் 250 கோடி டாலருக்கு அதை வாங்கியது. வட்டங்களை எண்ணும் தொழிலில் எவ்வளவு பணம் புழங்கியது என்பதற்கு இந்த ஒரு தொகையே சான்று.

பெரிய இயந்திரம் பெரிய அமைப்புகளுக்குத்தான் கட்டுப்படியாகும். ஒரு சிற்றூர்ப் பள்ளி என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடையாக, போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மைக்கேல் சொகோல்ஸ்கி 1972-இல் கலிபோர்னியாவில் ஸ்கான்ட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். மேசைமேல் வைக்கத்தக்க சிறு கருவியைப் பள்ளிகளுக்கு மலிவாகவோ இரவலாகவோ கொடுத்துவிட்டு, அதற்குரிய விடைப் படிவங்களை விற்று இலாபம் ஈட்டினார்கள். விளக்கை மலிவாகக் கொடுத்து எண்ணெயை விற்கும் வணிகரின் தந்திரம் இது. அமெரிக்க மாணவர்களிடையே 'ஸ்கான்ட்ரான்' என்றாலே விடைத்தாள் என்று பொருளாகிவிட்டது.

பிரிட்டனில் மில்டன் கீன்ஸ் நகரைச் சேர்ந்த டி.ஆர்.எஸ். நிறுவனம் 1969 முதல் இத்துறையில் இருந்தது. 2007-இல் ஸ்காட்லாந்துத் தேர்தலின் வாக்குச்சீட்டுகளை மின்னணு முறையில் எண்ணும் பணியும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜப்பானின் செகோனிக் நிறுவனத்தின் கதை சுவையானது. 1951-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தை அளக்கப் பயன்படுத்தும் ஒளிமானிக்குப் புகழ் பெற்றது. முகத்தில் விழும் ஒளியை அளக்கத் தெரிந்தவர்களுக்குத் தாளிலிருந்து திரும்பும் ஒளியை அளப்பது கடினமா? அவர்களும் ஓ.எம்.ஆர். கருவிகளைச் செய்தார்கள்.

காலப்போக்கில் சாதாரண ஸ்கேனரும் கணிப்பொறியும் மலிந்தன. தாள் முழுவதையும் படமாக எடுத்து, படத்திலுள்ள வட்டங்களைக் கணிப்பொறி நிரலால் எண்ணும் முறை பரவியது. அமெரிக்காவின் கிராவிக் நிறுவனத்தின் 'ரிமார்க்' நிரல் இவ்வகையைச் சேர்ந்தது. இம்முறையில் தாளின் நான்கு மூலைகளில் உள்ள அடையாளங்களைக் கொண்டு, தாள் சாய்ந்திருந்தாலும் கணிப்பொறி நிமிர்த்திக்கொள்ளும். தனி இயந்திரத்தின் தேவை குறைந்தது. தேர்வுகளே தாளை விட்டு நகரத் தொடங்கின. பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வில் 2019 முதல் கணிப்பொறி முன் அமர்ந்து மட்டுமே விடையளிக்கும் முறை வந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற எஸ்.ஏ.டி. தேர்வும் 2024-இல் கணிப்பொறிக்கு மாறியது.

ஒரு கணக்கு

இந்த இயந்திரம் இல்லாவிட்டால் என்னாகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தேர்வை ஓ.எம்.ஆர். தாளில் எழுதியவர்கள் 22 லட்சம் பேர். வினாக்கள் 180. ஆகப் பார்க்க வேண்டிய விடைகள் 39 கோடியே 60 லட்சம். துளையிட்ட அட்டையுடன் ஓர் ஆசிரியர் ஒரு தாளை மூன்று நிமிடத்தில் திருத்துவதாகக் கொள்வோம். எல்லாத் தாள்களுக்கும் 66 லட்சம் நிமிடங்கள், அதாவது 1,10,000 மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைக்கும் நூறு ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமை கூட ஓய்வின்றி, 183 நாட்கள் அமர வேண்டும்! முடிவு வருவதற்குள் அடுத்த ஆண்டுத் தேர்வே நெருங்கிவிடும்.

வேகம் மட்டுமா? மாணவி எந்த ஊர், எந்தக் குலம், ஏழையா செல்வமா, அவள் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்பவை இயந்திரத்துக்குத் தெரியா. காலையில் திருத்திய முதல் தாளுக்கும் மாலையில் திருத்திய கடைசித் தாளுக்கும் அதனிடம் வேறுபாடு இல்லை. இது அதன் நேர்மை.

இயந்திரம் தவறிய வேளை

ஆயினும் இந்த நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. 2005 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் எழுதினார்கள். தாள்கள் இயந்திரத்தில் ஓடின; மதிப்பெண்கள் வெளிவந்தன. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆண்டு முடியும் தறுவாயில் மாணவர் இருவர் மட்டும், தங்கள் தாளைக் கையால் திருத்திப் பார்க்குமாறு கேட்டார்கள். பார்த்தபோது மதிப்பெண் தவறு என்று தெரிந்தது. தொடர்ந்து தோண்டியபோது 4,411 மாணவர்களுக்கு உரியதைவிடக் குறைந்த மதிப்பெண் கிடைத்திருந்தது அம்பலமாயிற்று. மொத்தம் 2,400 மதிப்பெண் கொண்ட அத்தேர்வில் சிலருக்கு 450 மதிப்பெண் வரை குறைந்திருந்தது. அந்த மதிப்பெண்ணைக் காட்டித்தான் அவர்கள் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

காரணம் என்ன? மழைக்கால ஈரம்! ஈரத்தை உறிஞ்சிய தாள்கள் சற்றே விரிந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு விரிவால், இயந்திரம் பார்த்த இடமும் மாணவர் தீட்டிய இடமும் விலகிவிட்டன. மிக மங்கலாகத் தீட்டிய குறிகளும் விடுபட்டன. பின்னர் ஒவ்வொரு தாளையும் இருமுறை படிக்கும் ஏற்பாடு செய்தார்கள். நீதிமன்றம் சென்ற வழக்கு, 2007-இல் 28.5 லட்சம் டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. ஐந்து லட்சம் தாள்களில் நடந்த தவறை வெளிக்கொணர்ந்தது இயந்திரம் அன்று. "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று பணிவுடன் கேட்ட இரு மாணவர்கள். அவர்கள் தமக்காகக் கேட்டார்கள். நான்காயிரம் பேருக்கு நியாயம் கிடைத்தது.

நம் மாநிலத்தில்

இயந்திரம் குறியைப் பார்க்கும். குறியை இட்ட கையைப் பார்க்காது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019 செப்டம்பரில் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வில் இது வேதனையுடன் வெளிப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டத்தின் இரண்டு மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் அளவுக்கு மீறிக் காணப்பட்டபோது ஐயம் எழுந்தது. சில மணி நேரத்தில் மறையும் மையால் குறியிட்டு, பின்னர் வழியில் தாள்களில் சரியான விடைகளைத் தீட்டியதாக விசாரணையில் தெரியவந்தது. 2020 சனவரியில் 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை செய்யப்பட்டார்கள். இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்தத் தாள்களில் ஒரு குறையும் இல்லை! குறையைக் கண்டுபிடித்தது மனித அறிவு.

அதன்பின் தேர்வாணையம் செய்த மாற்றங்களுள் ஒன்று சிந்திக்கத் தக்கது. ஏ, பி, சி, டி என்ற நான்கு வட்டங்களுடன் 'ஈ' என ஐந்தாவது வட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் பொருள் "விடை தெரியவில்லை" என்பதாகும். வெற்றிடமாக விட்டால் அதில் பிறர் கை நுழையலாம். தெரியாததைத் தெரியாது என்று குறித்துவிட்டால் வாசல் அடைபடும். ஒவ்வொரு வகை வட்டத்தையும் எத்தனை முறை தீட்டினோம் என்று இறுதியில் எண்ணி எழுதும் முறையும் வந்தது. நேர்மையாகத் தெரியாது என்று சொல்வதும் ஒரு பாதுகாப்பே என்பதை இந்த ஐந்தாவது வட்டம் நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.

மாணவிகள் மனத்தில் கொள்ள வேண்டியவை

இயந்திரம் பார்க்கும் முறையை அறிந்துகொண்ட நாம், தேர்வுக்கூடத்தில் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

முதலாவது, பதிவெண்ணை எழுதுவது வேறு, அதற்குரிய வட்டங்களைத் தீட்டுவது வேறு. கட்டத்தில் 7 என்று எழுதிவிட்டு 1-இன் வட்டத்தைத் தீட்டினால், இயந்திரம் 1 என்றே கொள்ளும். எழுதியதையும் தீட்டியதையும் விரலால் தொட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, வட்டம் முழுவதையும் சீராக நிரப்புங்கள். சரிக்குறி, பெருக்கல்குறி, நடுவில் ஒரு புள்ளி ஆகியவை போதா. வட்டத்துக்கு வெளியே வழிவதும் கூடாது.

மூன்றாவது, ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும்போது தாளிலும் அந்த வரியை விட்டுச் செல்லுங்கள். ஒரு வரி மாறினால் அதன்பின் வரும் அத்தனை விடைகளும் ஒரு படி இறங்கிவிடும். பத்து வினாக்களுக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்ப்பது நலம்.

நான்காவது, கோடை காலத்தில் உள்ளங்கை வியர்க்கும். ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். தாளை மடிக்கவோ, ஓரக் கோடுகளின்மேல் எழுதவோ, தண்ணீர்ப் புட்டியை அதன் அருகில் வைக்கவோ வேண்டாம். ஈரம் என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம்.

ஐந்தாவது, எந்தப் பேனா என்று அறிவிப்பில் கூறப்பட்டிருக்கிறதோ அதையே கொண்டு செல்லுங்கள். அந்த விதி அதிகாரிகளின் பிடிவாதம் அன்று. இயந்திரக் கண்ணின் தேவை.

ஆறாவது, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுக்குப் பின் விடைத்தாளின் படத்தையும் விடைக் குறிப்பையும் இணையத்தில் வெளியிட்டு, மறுப்பு இருந்தால் தெரிவிக்கச் சொல்லும் வழக்கம் பல தேர்வுகளில் உள்ளது. அதற்குக் கொடுக்கப்படும் நாட்கள் சிலவே. பிள்ளையுடன் அமர்ந்து ஒவ்வொரு வட்டத்தையும் பாருங்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள். கேட்பது குறை கூறுவது ஆகாது.

முடிவாக

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியரின் பென்சில் கோட்டில் தொடங்கிய இக்கலை, பல நாடுகளில் பல நிறுவனங்களை வளர்த்தது. கோடிக்கணக்கான பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தது. இன்று மெல்லக் கணிப்பொறித் திரைக்கு இடம்விட்டு வருகிறது. நாளை வேறோர் இயந்திரம் வரலாம். எது வந்தாலும் ஒன்று மாறாது. இயந்திரத்துக்கு முன்னால் தீட்டும் கை கவனமாக இருக்க வேண்டும். இயந்திரத்துக்குப் பின்னால் சரிபார்க்கும் கண் விழிப்பாக இருக்க வேண்டும். இவ்விரண்டின் நடுவில் இருக்கும்போதுதான் அது நல்ல பணியாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் திறமை அறிவின் ஒரு பகுதி மட்டுமே. ஒரு கட்டுரையைக் கோவையாக எழுதுவதையும், ஒரு நிரூபணத்தை வரிவரியாக நிறுவுவதையும், விடையே கொடுக்கப்படாத கேள்விக்கு விடை தேடுவதையும் எந்த வட்டத்தாலும் அளக்க முடியாது. ஜான்சன் ஆசிரியரின் முன்னால் நான்கு விடைகள் இருக்கவில்லை. அவரே ஐந்தாவது ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆகவே மாணவிகளே, வட்டங்களைக் கவனமாகத் தீட்டப் பழகுவோம். அத்துடன் வட்டத்துக்கு வெளியேயும் சிந்திக்கப் பழகுவோம்.